சின்ன உருவங்களுக்கு எந்தப் பிரஷ்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழுந்து பறிக்கும் பெண் உருவத்தை இரண்டு அங்குல உயரத்தில் மரத்தில் செதுக்கி, அக்ரிலிக் பூசி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறேன். நைலோன் பிரஷ்ஷின் நுனி இரண்டு மூன்று வாரத்திலேயே கொக்கி மாதிரி வளைந்து விடுகிறது. கொலின்ஸ்கி வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கொக்கி விழுவது நிற்கும். ஆனால் இப்போது வேலை செய்யும் முறையிலேயே செய்தால் கொலின்ஸ்கியும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

நைலோன் இழை ஒரு பிளாஸ்டிக் நூல். அதன் கூர்மை தொழிற்சாலையில் உண்டாக்கியது. கரடான மரத்தில் உரசும்போதும், கழுவும் கோப்பையின் அடியில் அழுத்தும்போதும் மெல்லிய நுனி மடங்கி, மடங்கியபடியே நின்றுவிடுகிறது. கொலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற, கீரியைப் போன்ற சிறு விலங்கின் வால்முடி. ஒவ்வொரு முடியும் நடுவில் பருத்து நுனியில் தானாகவே கூராகிறது. நனைத்து உருவிவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது.

உங்கள் வேலையில் இதைவிடப் பெரிய வித்தியாசம் பெயின்ட் இறங்கும் விதத்தில்தான் தெரியும். முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பிரஷ்ஷின் வயிற்றிலிருந்து பெயின்ட் நிதானமாக நுனிக்கு வருகிறது. நைலோன் வழுவழுப்பானது. முதல் தொடுகையிலேயே சொட்டாக இறக்கிவிட்டு அடுத்த தொடுகையில் காய்ந்து நிற்கும். சேலைக் கரையை ஒரே இழுப்பில் முடிக்க முடியாமல் நடுவில் ஒட்டுப்போட வேண்டி வருவது இதனால்தான்.

எனவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மரத்தை 400ஆம் இலக்க உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசிக் காயவிடுங்கள். பிரைமர், அடிப்பூச்சு, கூடையின் பழுப்பு, வார்னிஷ் எல்லாம் 2 அல்லது 3ஆம் இலக்க நைலோனுக்கு. பொன், வெள்ளி நிறப் பெயின்ட்டுகளும் அதற்கே. அவற்றிலுள்ள மினுங்கும் துகள்கள் முடிகளுக்கிடையில் புகுந்தால் முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. முகம், சேலைக் கரை, இடுப்புப் படங்கின் மடிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒரேயொரு 1ஆம் இலக்கக் கொலின்ஸ்கி போதும். கடைசி அரைமணி நேர வேலைக்கு மட்டும் எடுத்தால் நீண்ட காலம் உழைக்கும்.

வளைந்த நைலோனை வீசிவிடாதீர்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் இழையை மட்டும் பத்து விநாடி பிடியுங்கள். உலோகக் கழுத்து நனையக் கூடாது. உள்ளேயிருக்கும் பசை இளகிவிடும். உடனே விரலால் நேராக உருவி ஆறவிடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி மீட்கலாம். அதன் பிறகு, பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்தெடுத்துவிட்டு எஞ்சியதைக் கூடைப் பின்னலின் மேடுகளில் தேய்க்க அதைப் போல நல்ல கருவி இல்லை.

கேள்வி: பிளாஸ்டிக் படைவீரர் மாதிரிகளுக்குக் கண் வைக்க 000 இலக்க, மிகச் சன்னமான பிரஷ் வாங்கினேன். நுனி பட்டும் பெயின்ட் இறங்கவே இல்லை. நைலோன் என்பதாலா?
– மாணவர், ஹட்டன்

பதில்: இலக்கம்தான் காரணம். 000இல் ஏழெட்டு இழை கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தாலும், அது சுமக்கும் பெயின்ட் துளியளவே. பலகையிலிருந்து முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் நுனி காய்ந்துவிடும். கண்ணை வைப்பது நுனி. பிரஷ்ஷின் பருமன் அல்ல. நல்ல கூர்மையுள்ள 1 அல்லது 0 எடுங்கள். ஒரு துளி பெயின்ட்டுக்கு ஒரு துளி தண்ணீர், பால் பதம். முடியின் பாதிக்கு மேல் தோய்க்காமல், டிஷ்யூவில் சுழற்றித் துடைத்து, கைநகத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்த பிறகே முகத்தைத் தொடுங்கள். வெள்ளையைக் குறுக்குக் கோடாக இழுத்து, நடுவில் கறுப்பு வைத்து, பிசகியதைத் தோல்நிறத்தால் மூடலாம். இலக்கங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒன்றின் 1 இன்னொன்றின் 2 அளவுக்கு இருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். மிருக முடி வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது இல்லாமல் நுணுக்க வேலை செய்ய முடியாதா?
– வாசகி, மாத்தளை

பதில்: தாராளமாக முடியும், அக்கா. கொலின்ஸ்கி முடி, ரோமத்துக்காகக் கொல்லப்படும் விலங்கிலிருந்து வருவது. வீட்டாரின் தயக்கம் நியாயமானது. சேபிள் முடியை (கொலின்ஸ்கி போன்ற வால்முடியை)ப் பார்த்துச் செய்த செயற்கை இழைப் பிரஷ்கள் இப்போது நன்றாகவே வருகின்றன. அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கண்டிப் பக்கத்து விகாரை ஓவியர்கள் புல்லிலும் தாழை வேரிலும் பிரஷ் செய்து வரைந்தவர்கள் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

லேபிளைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'ஒட்டக முடி' என்று எழுதியிருப்பதில் ஒட்டகம் இருக்காது. அணில், ஆடு, குதிரைக்குட்டி முடியாகத்தான் இருக்கும். அணில்முடி தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் விறைப்பில்லை. சின்ன உருவத்துக்கு உதவாது. கீரிமுடிப் பிரஷ் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். இந்தியாவில் கீரி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடியை விற்பதே குற்றம்.

கேள்வி: கடையில் நல்ல பிரஷ்ஷை எப்படிப் பொறுக்குவது?
– வாசகர், பதுளை

பதில்: கடையில் இருக்கும்போது எல்லாமே ஊசிபோலத்தான் இருக்கும். பசை போட்டு விறைக்க வைத்திருப்பார்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டு, பசை கரையும்வரை மெல்ல அலசி, மணிக்கட்டை ஒருமுறை உதறுங்கள். ஒரே நுனியாகக் கூடினால் எடுங்கள். இரண்டாகப் பிளந்தால் எந்த முடியானாலும் வைத்துவிடுங்கள். நனைக்க விடாத கடையில் விலை கூடியதை வாங்க வேண்டாம்.

உங்கள் ஊவாப் பக்கம் ஆடிக் காற்றில் பெயின்ட் பலகையிலேயே காய்ந்துபோகும். தட்டையான பிளாஸ்டிக் மூடியில் நனைத்த டிஷ்யூ, அதன்மேல் கேக் வேகவைக்கப் பாவிக்கும் பேக்கிங் தாள் விரித்து அதில் கலக்குங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் என் முடிப் பிரஷ்ஷில் பூஞ்சை பிடிக்கிறது. ஒன்றின் முடி அடியோடு உதிர்ந்தும் விட்டது. என்ன செய்வது?
– வாசகர், நுவரெலியா

பதில்: இரண்டு வெவ்வேறு கோளாறுகள். ஈரம் காயுமுன் பிளாஸ்டிக் குழாயைப் போட்டு மூடியதால் பூஞ்சை. முடி உதிர்வதற்குப் பெரும்பாலும் கழுத்துக்குள் காய்ந்த பெயின்ட்தான் காரணம். முதலில் நுனி விரியும், பிறகு முடி ஒவ்வொன்றாக ஒடிந்து வரும். நிமிர்த்தி வைத்துக் காயவிட்டால் ஈரமும் எஞ்சிய பெயின்ட்டும் கழுத்துக்குள் இறங்கும், மரப்பிடியும் ஊறிக் கழன்றுவிடும்.

வேலை நடக்கும்போதே பத்து நிமிடத்துக்கொரு தடவை அலசுங்கள். முடிந்ததும் குழந்தைக்குப் போடும் சவர்க்காரத்தில் உள்ளங்கையில் சுழற்றி, நுரை வெள்ளையாகும்வரை கழுவுங்கள். துணி சவர்க்காரமும் தின்னரும் முடியின் எண்ணெயை எடுத்துவிடும். எனாமல் பூசுவதென்றால் நைலோனையே பாவியுங்கள். கழுவியபின் நுனியைக் கூராக்கி, முடி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். உங்கள் குளிருக்கு ஒரு முழு நாள் வேண்டும், அடைமழையில் இரண்டு நாள். அவசரப்பட்டு அடுப்படியில் வைத்தால் பசை இளகி முடி கழன்றுவரும்.

நன்றாகக் காய்ந்தபின் இறுக மூடும் தகரப் பெட்டியில், துணியில் சுற்றிய கற்பூரத்தோடு வையுங்கள். மாதக்கணக்கில் திறக்காமல் விட்டால் அந்துப்பூச்சி முடியைத் தின்றுவிடும். நைலோனை அது தொடாது. கற்பூரம் கரைந்து போவதால் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து, புதிதாக வைக்க வேண்டும்.