சரிவுத் தோட்டத்து மண்ணும் உரமும் ஓடையில் கலக்காமலிருக்க

வணக்கம் ஐயா. கோத்தகிரிப் பக்கம் நீங்கள் கேரட் பயிரிடும் சரிவு நிலத்திலிருந்து ஐப்பசி மழையில் மண் அடித்துச் செல்லப்பட்டு, ஊரார் குடிநீர் எடுக்கும் ஓடை கலங்குவதாகவும், கரையில் கற்சுவர் எழுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சுவர் வேண்டாம் என்பதே என் கருத்து. நீரின் வேகத்தை மேட்டிலேயே தணிக்க வேண்டும்.

முதலில் பாத்திகளின் திசையை மாற்றுங்கள். கிழங்கு அழுகாமலிருக்க மலையில் பலரும் சரிவின் போக்கிலேயே பாத்தி அமைப்பதால், ஒவ்வொரு சாலும் மண்ணை ஓடைக்கு இறக்கும் வாய்க்காலாகிவிடுகிறது. சரிவுக்குக் குறுக்கே, மிகச் சிறிய சாய்வுடன் பாத்தி அமைத்து, மிகுநீரைப் புல் வளர்த்த வடிகாலில் விட்டால் கிழங்கும் அழுகாது.

அடுத்து, நிலம் ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரம் இறங்கும் இடந்தோறும் குறுக்கே ஒரு வரிசை வெட்டிவேர் நடுங்கள். நாற்றுகளுக்கிடையே 10 முதல் 15 செ.மீ. போதும். பட்டுப்போன நாற்றுகளை உடனே மாற்றி நடுவது மிக முக்கியம், ஏனெனில் ஓர் இடைவெளி இருந்தாலும் நீர் முழுவதும் அங்கே திரண்டு பள்ளம் பறித்துவிடும்.

மண் துகளோடு ஒட்டிச் செல்லும் பாஸ்பேட்டை (மணிச்சத்து) இந்த வெட்டிவேர் வேலி பெருமளவு தடுக்கும். தழைச்சத்து உரத்திலிருந்து உண்டாகி, நீரில் கரைந்து மண்ணுக்கடியில் கசியும் நைட்ரேட்டை அது அவ்வளவாகத் தடுக்காது. அதற்காக ஓடையோரம் ஒரு பட்டையை உழாமல் விட்டு, ஆழமாக வேரோடும் உள்ளூர் மரங்களையும் புதர்களையும் வளர்க்க வேண்டும்; தழைச்சத்து உரத்தையும் பிரித்துப் பிரித்து, கனமழை எதிர்பார்க்கப்படாத நாட்களில் மட்டும் இடுங்கள்.