சுங்கம் போன வழி

அன்புள்ள ஐயா,

பைசாந்தியப் பேரரசு பற்றிப் படித்து வருகிறேன். 1204-இல் சிலுவைப் படை தலைநகர் கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியது, 1261-இல் நகரம் திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்கப்புறமும் அவர்களால் ஏன் எழ முடியவில்லை? வந்த அரசர்கள் எல்லாருமே திறமை இல்லாதவர்களா?

க.

அன்புள்ள க.,

திறமை இல்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். கையில் காசு இல்லாதவர்கள்.

கருங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊருக்குச் சுங்கம்தான் சோறு. 1082 வாக்கில், நார்மன்களை எதிர்க்கக் கப்பல் வேண்டும் என்று பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் இத்தாலியின் வெனிஸ் நகர வணிகர்களுக்கு அந்தச் சுங்கத்தை அடியோடு விட்டுக்கொடுத்தார். உள்ளூர் வணிகன் பத்து சதவீதம் கட்டிக்கொண்டிருந்தான். 1261-இல் பேரரசர் எட்டாம் மிகயேல் இன்னொரு இத்தாலிய வணிக நகரமான ஜெனோவாவுக்கும் அதே சலுகையைக் கொடுத்தார். அவர் மகன் இரண்டாம் அந்திரோனிகோஸ் 1285-இல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கப்பற்படையையே கலைத்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறாத முடிவு இது.

பிறகு 1341 முதல் 1347 வரை உள்நாட்டுப் போர். சிறுவனான மகனுக்காக ஆண்ட சவோயின் அன்னா 1343-இல் மணிமுடி நகைகளை வெனிஸில் 30,000 டுகாட்டுக்கு அடகு வைத்தார், மீட்கவே முடியவில்லை. 1347 முடிசூட்டு விழாவில் மணிமுடியில் இருந்தவை கண்ணாடிக் கற்கள். அதே ஆண்டு கொள்ளைநோயும் வந்தது.

அன்று முடிசூடிய ஆறாம் யோவான் கந்தகூஜினோஸ்தான் பிரச்சினையின் வேரைப் பிடித்தவர் என்பேன். நகரை ஒட்டிய பொற்கொம்பு என்ற கடற்கழிக்கு அக்கரையில், கலாட்டா என்ற குடியிருப்பில் ஜெனோவாக்காரர்களுக்குச் சுங்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் பொற்காசு வந்தது, இக்கரையில் பேரரசருக்கு 30,000 தேறுவதே பாடு என்று அக்கால வரலாற்றாசிரியர் நிகெபோரோஸ் கிரெகோராஸ் எழுதிவைத்திருக்கிறார். கந்தகூஜினோஸ் தன் துறைமுகத்தில் சுங்கத்தைக் குறைத்தார், கப்பல்கள் இக்கரைக்கு வரத் தொடங்கின, ஊராரிடம் பணம் திரட்டிப் போர்க்கப்பல்களும் கட்டினார். ஜெனோவாக்காரர்கள் பொறுப்பார்களா? 1349-இல் மோதல் வந்தபோது, கடல் பழகாத புது மாலுமிகள் பயந்துபோய்த் தண்ணீரில் குதித்துவிட்டார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கப்பல்கள் எதிரி கைக்குப் போயின.

என்னைக் கேட்டால், உஸ்மானியத் துருக்கியர் நகரையே பிடித்த 1453-ஐவிட இந்த 1349-தான் பெரிய அடி. 1354 நிலநடுக்கத்தில் ஐரோப்பியக் கரையில் இருந்த கலிபோலி என்ற ஊரின் மதில் இடிந்து, உஸ்மானியர் உள்ளே வந்து குடியேறினார்கள். அவர்களை வெளியேற்ற வலுவான கப்பற்படை இல்லை. கந்தகூஜினோஸ் பணம் தருகிறேன், ஊரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார், அவர்கள் கொடுக்கவில்லை.