எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்திச் சேமித்தால் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளியைக் காப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. பெங்களூரில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறீர்கள், பாடங்கள் எக்ஸ்எம்எல் (உரையைக் குறிகளுக்குள் வைத்து எழுதும் முறை) கோப்புகளாக இருக்கின்றன. சி ஷார்ப் நிரல்மொழியில், எக்ஸ்எம்எல்லைப் படித்து எழுத உதவும் எக்ஸ்டாக்குமென்ட் மூலம் திருத்திச் சேமிக்கிறீர்கள். சேமிக்கும்போது, வரிகளை உள்தள்ளி அடுக்காதே என்று சொல்லும் டிஸேபிள்ஃபார்மேட்டிங் கொடுத்தும், தடித்த சொல்லும் அதை அடுத்த சாய்வுச் சொல்லும் ஒட்டிக்கொள்கின்றன. செய்யுள்களோ ஒரே வரியாகிவிடுகின்றன.

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். இரண்டுக்குமே சேமிக்கும் கட்டளை காரணமல்ல. கோப்பைப் படிக்கும்போதே இடைவெளி போய்விடுகிறது.

முதல் கோளாறுக்கு உங்கள் பாடம் போன்ற ஒரு வரியைப் பாருங்கள்:

<பத்தி><தடிப்பு>அல்சூர்</தடிப்பு> <சாய்வு>ஏரி</சாய்வு> அருகே இறங்கவும்.</பத்தி>

இதில் கவனிக்க வேண்டிய இடைவெளிகள் இரண்டு. 'அருகே' என்பதற்கு முன்னால் இருப்பது எழுத்துகளோடு சேர்ந்து ஒரே உரையாக இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை. தடிப்பு முடிந்து சாய்வு தொடங்கும் இடத்தில் இருப்பதோ தனித்து நிற்கும் வெறும் இடைவெளி. எக்ஸ்டாக்குமென்ட் தன் இயல்பு நிலையில் அதைப் பொருளற்றது என்று கருதிப் படிக்கும்போதே விட்டுவிடுகிறது. பிறகு உள்தள்ளல் இல்லாமல் சேமித்தால் 'அல்சூர்ஏரி' என்றுதான் வரும். ஆகவே கோப்பைப் படிக்கும் லோட் அல்லது உரையைப் படிக்கும் பார்ஸ் கட்டளையை அழைக்கும் இடத்தில் லோட்ஆப்ஷன்ஸ் வகையிலுள்ள பிரிசர்வ்ஒயிட்ஸ்பேஸைக் கொடுங்கள். சேமிக்கும் இடத்தில் டிஸேபிள்ஃபார்மேட்டிங் அப்படியே இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன் கிடைக்கும். பழைய எக்ஸ்எம்எல்டாக்குமென்ட்டைப் பயன்படுத்துபவர்கள் அதன் பிரிசர்வ்ஒயிட்ஸ்பேஸ் அமைப்பை லோட் அழைப்பதற்கு முன்னாலேயே ட்ரூ ஆக்கிவிட வேண்டும். படித்து முடித்த பின் மாற்றினால் போனது திரும்பாது.

இதற்காக எக்ஸ்எம்எல்லைக் குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிமுறை, குறிகளைத் தவிர்த்த அத்தனை எழுத்துகளையும் பயன்பாட்டு நிரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நிரல்களின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் கோப்புகளைக் கையாள்பவர்களின் வசதிக்காக இடைவெளியை நீக்குவது நிரல் நூலகங்கள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அங்கே குறிகளுக்கு நடுவில் இருப்பது வெறும் அலங்காரம். பத்திக்கு நடுவில் இருப்பதோ மொழி. எது எது என்று நிரலுக்குத் தெரிய வழியில்லை, பாடத்தை எழுதியவருக்குத்தான் தெரியும். அதைக் கோப்பிலேயே குறித்து வைக்கவும் வழி தந்திருக்கிறார்கள். எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் என்ற பண்புக்கு (தொடக்கக் குறிக்குள் எழுதும் பெயரும் மதிப்பும்) 'பிரிசர்வ்' என்ற மதிப்பைப் பத்தி உறுப்பில் (தொடக்கக் குறி முதல் முடிவுக் குறி வரையிலான பகுதி) கொடுத்தால், அந்த உறுப்புக்குள் இருக்கும் இடைவெளியை எக்ஸ்டாக்குமென்ட் இயல்பு நிலையிலும் விட்டுவைக்கும். வேர்டு கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இதே பண்பு உரைத் துண்டுகளில் இருப்பதைக் காணலாம்.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆழமானது. உங்கள் மாதிரிக் கோப்பில் செய்யுளை உறுப்பின் உள்ளே வைக்காமல், 'உரை' என்ற பண்பின் மதிப்பாக மேற்கோள் குறிகளுக்குள் பல வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். பண்பின் மதிப்புக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்த வரி முறிவையும் டேபையும், கோப்பைப் படிக்கும் நிரலான படிப்பான் வெறும் இடைவெளியாக மாற்ற வேண்டும் என்பது விதி. பிரிசர்வ் என்று எத்தனை இடத்தில் எழுதினாலும் இது மாறாது. வரி முறிவைக் கோப்பில் &#10; என்ற எண் குறியீடாக எழுதினால் மட்டும் பிழைக்கும். நிரலே அந்தப் பண்பை உருவாக்கினால் சேமிக்கும் பகுதி அதை எண் குறியீடாக எழுதிவிடும். கையால் தட்டச்சு செய்த கோப்புகளில்தான் தொல்லை. செய்யுளை இப்படிப் பண்பில் வைப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

நானும் இதே ஊரில் தமிழ்ப் பாட உள்ளடக்கத்தோடு வேலை செய்கிறேன். எங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் ஆசிரியை ஒருவர், ஒரு குறள் வெண்பாவின் முதலடியில் மூன்று சீர்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். நான்கு சீர் இருக்க வேண்டிய அடி அது. நடுவிலிருந்த ஒரு சொல்லைச் சொற்பொருள் விளக்கத்துக்காகத் தனிக் குறிக்குள் வைத்திருந்தார்கள். அடுத்த சொல்லும் குறிக்குள் இருந்தது. இடைப்பட்ட ஓர் இடைவெளி போய், இரண்டு சீர் ஒன்றாகிவிட்டது. அவர் விரல்விட்டு எண்ணாமல் போயிருந்தால் அது அப்படியே குழந்தைகளின் கைக்குப் போயிருக்கும். எழுத்து ஒன்றுகூடக் குறையாததால் பிழைதிருத்தியும் அதைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம்.

உடைக்காத இடைவெளியான &#160; போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எக்ஸ்எம்எல் கணக்கில் இடைவெளி என்பது ஸ்பேஸ், டேப், இரண்டு வகை வரி முறிவு ஆகிய நான்கு எழுத்துகள் மட்டுமே, ஆகவே இது நிச்சயம் பிழைக்கும். ஆனால் அந்த இடத்தில் வரி மடங்காது. நீளமான தமிழ்ச் சொற்கள் கைப்பேசித் திரையை விட்டு வெளியே ஓடும். தேடலிலும் சாதாரண இடைவெளியோடு பொருந்தாமல் போகலாம். வேண்டாம்.

பைத்தான் நிரல்மொழியில் எல்எக்ஸ்எம்எல் நூலகத்தைப் பயன்படுத்தும் நண்பர்கள், வெற்று இடைவெளியை நீக்கும் ரிமூவ்_பிளாங்க்_டெக்ஸ்ட்டை ட்ரூ ஆக்காமல் இருந்தாலே போதும். பைத்தானின் இன்னொரு நூலகமான எலிமென்ட்ட்ரீயில் ஓர் உறுப்புக்குப் பின்னால் வரும் இடைவெளி அந்த உறுப்பின் 'டெயில்' பகுதியில் இருக்கும், உறுப்பை நீக்கினால் அதுவும் சேர்ந்து போகும். ஆதார் ஆஃப்லைன் இ-கேஒய்சி (ஆதார் அடையாளச் சான்றுக் கோப்பு) போன்ற மின்கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல் வந்தால் உள்தள்ளிச் சேமிக்கவே கூடாது. சேர்த்த இடைவெளியும் உள்ளடக்கமாகவே கணக்கிடப்படுவதால் கையொப்பம் செல்லாமல் போகும்.

உங்கள் பாடங்களுக்கு நான் செய்யச் சொல்வது, செய்யுளைப் பண்பிலிருந்து எடுத்து, ஒவ்வோர் அடிக்கும் <அடி> என்று ஓர் உறுப்பு கொடுப்பதுதான். குறிச்சொல் தமிழில் இருக்கலாம், எக்ஸ்எம்எல் ஏற்கும். அப்போது அடிப் பிரிப்பு வரி முறிவை நம்பி இருக்காது. அடியின் உள்ளே சொல்லைத் தனிக் குறிக்குள் வைக்கும் இடங்களுக்காக, அந்த உறுப்பில் எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் பண்பையும் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சேமித்துவிட்ட கோப்புகளில் தொலைந்த இடைவெளியை எந்த அமைப்பும் மீட்டுத் தராது. பழைய பிரதியை எடுத்து அதிலிருந்து தொடங்குங்கள்.