வாசகர் கேள்வி-பதில்: உர்ராக்கா என்றொரு பெயர்

ஸ்பானியப் பெண் பெயர்களைப் பற்றி இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் சில, வழக்கொழிந்துபோன ஒரே பெயரைச் சுற்றியே அமைந்திருந்ததால் அவற்றை மட்டும் இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: இடைக்கால ஸ்பெயின் வரலாற்றில் ‘உர்ராக்கா’ என்ற பெயரில் அரசிகளும் இளவரசிகளுமாகப் பலர் வருகிறார்கள். குழந்தைப் பெயர்களுக்கான இணையதளங்களோ இதன் பொருள் ‘மேக்பை பறவை’ என்கின்றன. பளபளக்கும் பொருள்களைத் திருடும் என்று பெயரெடுத்த பறவையின் பெயரையா ஓர் அரசர் தம் மகளுக்கு வைத்திருப்பார்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. இன்றைய ஸ்பானிய மொழியில் ‘உர்ராக்கா’ என்றால் மேக்பைதான். அது காக்கை இனத்தைச் சேர்ந்தது, கருப்பும் வெள்ளையுமான உடலும் நீண்ட வாலும் கொண்டது, ஓயாமல் கத்துவது. ஓயாது பேசுபவரையும், கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்பவரையும் ‘உர்ராக்கா’ என்று கேலியாகச் சொல்வதும் உண்டு. ஆனால் இணையதளங்கள் குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டிவிட்டன. பறவையிடமிருந்து பெண்ணுக்குப் பெயர் வரவில்லை. பெண்ணின் பெயர்தான் பறவைக்குப் போயிற்று. ஸ்பானிய ராயல் அகாதெமியின் அகராதியே, பறவையைக் குறிக்கும் இந்தச் சொல் உர்ராக்கா என்னும் இயற்பெயரிலிருந்து பிறந்தது என்று பதிவு செய்திருக்கிறது.

காலக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. 10ஆம் நூற்றாண்டிலேயே காஸ்தீலியாவின் பிரபு ஃபெர்னான் கொன்சாலெசின் மகள் உர்ராக்கா, லியோன் அரசர்களான மூன்றாம் ஒர்தோன்யோவையும் நான்காம் ஒர்தோன்யோவையும், பின்னர் பம்ப்லோனாவின் இரண்டாம் சாஞ்சோவையும் அடுத்தடுத்து மணந்து, மூன்று அரசர்களுக்கு மனைவியாக இருந்தார். அந்தக் காலத்தில் மேக்பைக்கு வேறு பெயர் வழங்கியது. லத்தீன் ‘பீக்கா’விலிருந்து வந்த ‘பிகாசா’ என்ற சொல் இன்றும் ஸ்பானிய மொழியில் இருக்கிறது.

கத்தும் பறவைக்கு மனிதப் பெயர் சூட்டி அழைப்பது ஐரோப்பாவில் பரவலான விளையாட்டு. ஆங்கில ‘மேக்பை’யின் முற்பகுதியான ‘மேக்’ என்பது மார்கரெட் என்ற பெயரின் சுருக்கம். பிரெஞ்சு மக்கள் இதே பறவையை ‘மார்கோ’ என்று அழைத்தார்கள், அதுவும் மார்கரெட்தான். ஸ்பானியர்கள் மரியாவின் செல்லப் பெயரான ‘மரீக்கா’வையும் இதற்கு வைத்துப் பார்த்தார்கள். கிளிக்கு மட்டும் பெத்ரோவின் செல்லப் பெயரான ‘பெரீக்கோ’ அமைந்தது. வம்பு பேசுவதில் ஆண்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்களே என்று ஆறுதல் கொள்ளலாம்.

அப்படியானால் இயற்பெயருக்கு மூலப்பொருள் என்ன? அது ஐபீரியத் தீபகற்பத்தின் வடபகுதியில் வேரூன்றிய பழம்பெயர் என்பதால் பாஸ்க் மொழியோடு அதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எனினும் அறிஞர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் என்று எதுவும் இல்லை. ‘உர்ராக்கா என்றால் இதுதான் பொருள்’ என்று ஒரே வரியில் அடித்துச் சொல்லும் பட்டியலை நம்ப வேண்டாம்.

கேள்வி: அந்தப் பெயரைத் தாங்கியவர்களில் யார் மிக முக்கியமானவர்? அவர் பெயர் பொறித்த பொருள் ஏதாவது இன்றும் இருக்கிறதா?

பதில்: முதன்மையானவர் லியோன், காஸ்தீலியா அரசுகளின் அரசி முதலாம் உர்ராக்கா. தம்பி சாஞ்சோ 1108ஆம் ஆண்டு உக்லேஸ் போரில் மாண்டதாலும், தந்தை ஆறாம் அல்ஃபோன்சோ மறு ஆண்டே இறந்ததாலும் அரியணை ஏறிய அவர், 1126இல் இறக்கும்வரை பதினேழு ஆண்டுகள் ஆண்டார். அரசனின் மனைவி என்ற முறையில் அல்லாமல் தம் சொந்த உரிமையில் ஆட்சி செய்த ஐரோப்பியப் பெண்களில் அவர் மிக முந்தியவர்களுள் ஒருவர். அரகோன் அரசர் முதலாம் அல்ஃபோன்சோவுடன் நடந்த இரண்டாம் திருமணம் போரிலும் பிரிவிலும் முடிந்தது. சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவின் மறைமாவட்டம் சார்ந்து எழுதப்பட்ட வரலாறு அவர்மீது கடும் வெறுப்பைக் கொட்டியிருக்கிறது; பிற்காலத்தவர் அவருக்கு ‘துணிந்து பாய்பவள்’ என்ற பட்டப்பெயரும் சூட்டினார்கள். ஆனால் அவர் பெயரால் வெளியான நாணயங்களில் அவருடைய முகமே பொறிக்கப்பட்டிருந்தது.

பொருளைப் பொறுத்தவரை, நீங்கள் பார்க்க வேண்டியது இவருடைய அத்தையின் கிண்ணத்தை. அத்தையின் பெயரும் உர்ராக்காதான். முதலாம் ஃபெர்னாந்தோவின் மகளாகிய அவருக்கு உரியதாக விளங்கியது சமோரா நகரம். 1072இல் தம்பி இரண்டாம் சாஞ்சோ அதை முற்றுகையிட்டபோது நகரம் பல மாதங்கள் தாக்குப்பிடித்தது. இறுதியில் கோட்டைக்கு வெளியே வெயீதோ தொல்ஃபோஸ் என்பவன் சாஞ்சோவைக் கொன்றதோடு முற்றுகை கலைந்தது. ‘சமோராவை ஒரு மணி நேரத்தில் வென்றுவிடவில்லை’ என்ற ஸ்பானியப் பழமொழி இந்த முற்றுகையோடு இணைத்துச் சொல்லப்படுவது. சமோராவின் கோட்டை வாயில்களில் ஒன்று இன்றும் ‘தோன்யா உர்ராக்கா வாயில்’ என்றே வழங்குகிறது; ‘தோன்யா’ என்பது பெண்களுக்குரிய மரியாதை அடைமொழி.

இந்த அத்தை லியோன் நகரின் சான் இசிதோரோ ஆலயத்துக்கு அளித்த கிண்ணம் அங்கேயே இருக்கிறது. பழைய ரோமானியக் காலத்து மணிக்கல் கிண்ணங்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தங்கத்தால் இணைத்து, நுண்ணிய கம்பி வேலைப்பாடும் கற்களும் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் லத்தீனில் ‘ஆண்டவர் பெயரால், ஃபெர்னாந்தோவின் உர்ராக்கா’ என்ற வாசகம் பொறித்திருக்கிறது. 2014இல் வெளிவந்த ஒரு நூல், இயேசு இறுதி இராவுணவில் பயன்படுத்திய கிண்ணம் இதுதான் என்று வாதிட்டதால், அதைக் காணக் கூட்டம் அலைமோதியது. அந்த வாதத்தை ஏற்காத வரலாற்றாசிரியர்கள் பலர். என் கண்ணுக்கு, அந்தக் கிண்ணத்தில் ஐயத்துக்கே இடமில்லாத பெரும் செய்தி அதிலுள்ள பெண்ணின் பெயர்தான்.

கேள்வி: பெயர் அழகாக இல்லை என்பதற்காகவே உர்ராக்கா என்ற இளவரசி பிரான்சின் அரசியாகும் வாய்ப்பை இழந்தாராமே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1200ஆம் ஆண்டு இங்கிலாந்து, பிரான்சு அரசர்களுக்கிடையே ஏற்பட்ட உடன்படிக்கையை உறுதிப்படுத்த, பிரெஞ்சு இளவரசர் லூயிக்குக் காஸ்தீலியாவில் பெண் எடுப்பதென்று முடிவாயிற்று. இங்கிலாந்து அரசரின் தாயான அக்வித்தேனின் எலினோர் தம் எழுபதுகளின் பிற்பகுதியில் மலைகளைக் கடந்து காஸ்தீலியாவுக்குப் பயணம் செய்து, தம் பேத்திகளான உர்ராக்கா, பிளாங்கா இருவரில் இளையவரான பிளாங்காவை அழைத்துச் சென்றார். இவ்வளவும் வரலாறு. உர்ராக்கா என்ற பெயர் பிரெஞ்சுக்காரர் காதில் நாராசமாக விழும் என்றும், ‘வெண்மை’ என்று பொருள்படும் பிளாங்கா அவர்கள் நாவில் எளிதாக ‘பிளான்ஷ்’ ஆகிவிடும் என்றும் தூதர்கள் கருதினார்கள் என்பது பிற்காலத்தவர் சொல்லிவந்த காரணம். அப்படியொரு காரணத்தைச் சொல்லலாம் என்று தோன்றியதே, அந்தப் பெயரின் மதிப்பு எப்போது சரியத் தொடங்கியது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பிளாங்கா, ஒன்பதாம் லூயியின் தாயாகப் பிரான்சையே ஆண்டார். உர்ராக்காவும் வெறுங்கையோடு நிற்கவில்லை. இரண்டாம் அஃபோன்சோவை மணந்து போர்ச்சுகலின் அரசியானார்.

கேள்வி: தெரேசா, எல்வீரா, ஹிமேனா போன்ற அதே காலத்துப் பெயர்கள் இன்றும் ஸ்பெயினில் வழங்க, உர்ராக்கா மட்டும் ஏன் மறைந்தது?

பதில்: ஆறாம் அல்ஃபோன்சோவின் மகள்களை மட்டும் பாருங்கள்: உர்ராக்கா, தெரேசா, எல்வீரா, சாஞ்சா. ஒரே குடும்பத்தில் ஒரே காலத்தில் சமமாக விளங்கிய பெயர்கள். பின்னாளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. இடைக்காலத்தின் பிற்பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பழைய குலப் பெயர்களை விட்டு மரியா, இசபெல், கத்தலீனா போன்ற புனிதர் பெயர்களுக்கு மாறினார்கள். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு, திருமுழுக்கில் புனிதரின் பெயரையே இட வேண்டும் என்ற அறிவுரை வலுப்பெற்றது. தெரேசாவுக்கு அவிலாவில் பிறந்து 1622இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தெரேசா கைகொடுத்தார். ஹிமேனா, ஸ்பானிய வீரகாவிய நாயகனான எல் சித்தின் மனைவி பெயர் என்ற புகழோடு காத்திருந்து, இந்த நூற்றாண்டில் மீண்டும் பெற்றோரின் விருப்பப் பெயராகிவிட்டது. உர்ராக்காவுக்குக் கைகொடுக்கப் பெயர்பெற்ற புனிதர் யாருமில்லை. மறுபக்கம், தெருவோர மரத்தில் அமர்ந்து கத்தும் பறவை நாள்தோறும் அந்தப் பெயரைக் கேலி செய்துகொண்டிருந்தது.

பறவைப் பெயர் என்பது மட்டுமே குறையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். புறா என்று பொருள்படும் ‘பலோமா’, மாத்ரித் நகரின் பலோமா அன்னையின் பெயராகவும் இருப்பதால் மிகவும் விரும்பப்படுவது. வானம்பாடியான ‘அலோந்த்ரா’ மெக்சிகோவில் செல்வாக்குள்ள பெயர். மேக்பைதான் வம்பு. 1948இல் ‘புல்கார்சீத்தோ’ என்ற சிறுவர் இதழில் ஹோர்ஹெ என்ற ஓவியர் படக்கதைக்காக ஒரு கிழவியைப் படைத்தார்: கறுப்பு உடை, கையில் குடை, பிறர் துன்பத்தில் கொள்ளை மகிழ்ச்சி. அவளுக்கு அவர் வைத்த பெயர் ‘தோன்யா உர்ராக்கா’. சமோராவைக் காத்த இளவரசிக்குரிய அதே மரியாதைப் பட்டம்!

கேள்வி: இன்று ஸ்பெயினில் ஒரு குழந்தைக்கு இப்பெயரைச் சட்டப்படி சூட்ட முடியுமா? சூட்டுகிறார்களா?

பதில்: முடியும். 2011ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டம் தனிப்பெயர் என்றால் இரண்டுக்கு மேலும், கூட்டுப்பெயர் என்றால் ஒன்றுக்கு மேலும் அனுமதிப்பதில்லை. குழந்தையின் மாண்பைக் குலைக்கும் பெயரையும், ஆளை அடையாளம் காண்பதில் குழப்பம் விளைவிக்கும் பெயரையும் தடுக்கிறது. வரலாற்று அரசியின் பெயர் இந்தத் தடைகளில் சிக்க வாய்ப்பில்லை. 2016இல் தம் மகனுக்கு ஓநாய் என்று பொருள்படும் ‘லோபோ’ என்று பெயரிட விரும்பிய பெற்றோரைப் பதிவு அலுவலகம் முதலில் தடுத்தபோதும், விவகாரம் மேலே சென்ற பிறகு அனுமதி கிடைத்தது. சூட்டுகிறார்களா என்றால், மிக மிக அரிதாகத்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பெண் குழந்தைகளின் பட்டியலில் பெரும்பாலும் முன்னணியில் நிற்பது லூசியா. உர்ராக்காவைக் குடும்பப் பெயராகத் தாங்கியவர்களைச் சந்திக்க உங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு.

கேள்வி: பனாமா நாட்டின் ஒரு சென்டேசிமோ நாணயத்தில் உர்ராகா என்ற பெயர் இருக்கிறது. அதுவும் இந்த அரசிதானா?

பதில்: இல்லை. அவர் ஓர் ஆண். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் படைகளை எதிர்த்துப் போராடிய பூர்வகுடித் தலைவர் உர்ராகா. அவர் பெயரில் அழுத்தம் கடைசி அசையில் விழும், அரசியின் பெயரில் நடு அசையில் விழும்.

கேள்வி: 11ஆம் நூற்றாண்டு லியோனில் நடக்கும் கதை ஒன்றை எழுதி வருகிறேன். நாயகிக்கு உர்ராக்கா என்று பெயர் வைத்தால் முழுப்பெயரை எப்படி அமைப்பது?

பதில்: அந்தக் காலத்து முறைப்படி, தந்தையின் பெயரோடு ‘எஸ்’ என்ற ஈறு சேர்ந்து மகளின் இரண்டாம் பெயராகும். தந்தை ஃபெர்னாந்தோ என்றால் உர்ராக்கா ஃபெர்னாந்தெஸ், சாஞ்சோ என்றால் உர்ராக்கா சாஞ்செஸ். மரியாதையாக அழைக்கும் இடங்களில் ‘தோன்யா’வை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். மணமான பின்னும் கணவரின் பெயரை ஒட்ட வேண்டாம்; அன்று அந்த வழக்கம் கிடையாது. ‘ர்ர’ என்பதை நாக்கு அதிர அழுத்தி உச்சரிக்க வேண்டும் என்பதால், எழுத்திலும் ஒற்றை ரகரமாகக் குறைத்துவிடாதீர்கள்.