பாட்டு முடிந்த பிறகுதான் லேபிளின் வேலை தொடங்குகிறது

அம்மா, உங்கள் மகள் தோழியோடு சேர்ந்து எலக்ட்ரானிக் இசை செய்கிறாள், இருவரும் ஒரே மேடையில் பேக் டு பேக், அதாவது மாறி மாறிப் பாட்டுப் போட்டு டிஜே செய்கிறார்கள், இப்போது சொந்த லேபிள், அதாவது இசையை வெளியிடும் நிறுவனம், தொடங்கப் போவதாகச் சொல்கிறாள். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கவலை நியாயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மகளைப் பற்றி இல்லை. மைத்துனர் என்ன சொன்னார், பெரியப்பா என்ன கேட்டார் என்பதுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டால் உறவினர் வாய் அடங்கும். அதற்காக விருப்பமில்லாத படிப்பில் நான்கு வருடம் உட்காரப் போவது அவர்கள் இல்லை.

சமாதானமாக நீங்களே ஒரு வழி சொல்லியிருக்கிறீர்கள்: கடன் வாங்கி, பெரிய பெயருள்ள மியூசிக் புரொடக்‌ஷன் படிப்பில் சேர்ப்பது. இதற்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தத் துறையில் யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை, டிராக்கை, அதாவது செய்து முடித்த பாட்டைத்தான் கேட்கிறார்கள். டிஜே வருமானம் ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. கடன் தவணை அப்படி விட்டு விட்டு வராது. இசை மென்பொருளை அவள் ஏற்கெனவே கையாள்கிறாள். இல்லாத திறமை வேறு.

அது லேபிள் நிர்வாகம். லண்டனின் நிஞ்ஜா டியூன் என்ற லேபிளை 1990-ல் தொடங்கியவர்கள் கோல்ட்கட் என்ற பெயரில் சேர்ந்து இசை செய்த மாட் பிளாக்கும் ஜோனதன் மோரும். 2007-ல் லீட்ஸில் மூன்று நண்பர்கள் ஹெஸில் ஆடியோ என்ற லேபிளைத் தொடங்கினார்கள். அவர்களில் பென் யூஎஃப்ஓ சொந்தப் பாடல்களை நம்பாமல், தேர்ந்தெடுத்து இசைப்பதை மட்டுமே வைத்து டிஜேவாகப் பெயர் எடுத்தவர். நல்ல காதும் நண்பர்களின் இசைமேல் அக்கறையும் இருந்தால் அதுவே ஒரு தொழில் என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்றாட வேலையைக் கேளுங்கள். ஒரு டிராக்கில் இரண்டு உரிமைகள் உண்டு: இசையமைப்புக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறியீடு வேண்டும். அதே டிராக்கை வேறொருவர் ரீமிக்ஸ் செய்தால் அதற்குத் தனிக் குறியீடு. இருவர் சேர்ந்து செய்த டிராக்கில் ஒருத்தி தன் பங்கு 60 என்றும் மற்றவள் 50 என்றும் பதிவு செய்துவிட்டால் கூட்டுத்தொகை 110 ஆகிவிடும். தகராறு தீரும்வரை ராயல்டி வசூலிக்கும் சங்கம் பணத்தை நிறுத்தி வைக்கலாம். அப்புறம் மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்புக்கு அனுப்ப வேண்டும், பாட்டைக் கடைகளுக்கும் தளங்களுக்கும் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தருக்கு வாரக்கணக்கில் முன்கூட்டியே கோப்புகள் தர வேண்டும், மற்ற டிஜேக்களுக்கு புரோமோ, அதாவது விளம்பரப் பிரதி அனுப்ப வேண்டும், செலவு கழித்து வந்த லாபத்தைக் கலைஞரோடு பிரித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். பல சுயாதீன லேபிள்களில் அது பாதிக்குப் பாதி.

இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்குச் சொந்த லேபிள் ஓடாவிட்டாலும் விநியோக நிறுவனம், இசைப் பதிப்பு நிறுவனம், உரிமைச் சங்கம், வீடியோ கேம்களுக்கும் படங்களுக்கும் இசை உரிமம் வாங்கும் அலுவலகம் என்று போக இடம் உண்டு. எனவே கட்டணம் குறைந்த கல்லூரியில் வணிகவியல் அல்லது சட்டம் படிக்கட்டும், அறிவுசார் சொத்துரிமைப் பாடத்தை விடாமல் எடுக்கட்டும். மாலை நேரம் அவளுடைய இசைக்கு.

ஒரு நிபந்தனை. கணக்கும் ஒப்பந்தமும் அவளுக்கு அறவே பிடிக்கவில்லை, ஒலியோடு மட்டுமே இருக்க வேண்டும் என்கிறாள் என்றால், நான் சொன்னேன் என்று இதை அவள் தலையில் கட்டாதீர்கள். அந்த வேலை தோழிக்குப் பொருந்தலாம். அவளிடமே கேளுங்கள், நீங்கள் ஊகிக்க வேண்டாம்.

செலவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் வெளியீடு டிஜிட்டலாக மட்டும் இருக்கட்டும். பேண்ட்கேம்ப் போன்ற இசை விற்பனைத் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், முன்பணம் தேவையில்லை. வினைல் இசைத்தட்டு என்றால் நூற்றுக்கணக்கில் அச்சடித்து, விற்காததை வீட்டில் அடுக்க வேண்டிவரும். கேட்பவர்கள் சேர்ந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

இந்த வாரமே இருவரையும் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: முடிந்திருக்கும் டிராக்கில் யாருக்கு எத்தனை சதவீதம், அசல் புராஜெக்ட் கோப்புகள் யாரிடம் இருக்கும், சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிப் பணம் எப்படிப் பிரியும், நாளை பிரிந்தால் லேபிளின் பெயர் யாருக்கு. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளட்டும்.