உலாவி மட்டும் போதுமா? டர்பன் வட்டாரத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சாட்ஸ்வர்த், தமிழ் வகுப்பு ஆசிரியை): பாடம், மின்னஞ்சல், மதிப்பெண் பட்டியல் ஆகிய அனைத்தையும் குரோம் போன்ற உலாவியிலேயே செய்கிறோம். இனி விண்டோஸ் போன்ற இயங்குதளமே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: அம்மா, வேண்டாம் என்று சொல்ல இயலாது. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, விசைப்பலகையையும் வைஃபையையும் இயக்குவது ஆகிய வேலைகளை உலாவி தானாகச் செய்வதில்லை. தனக்குக் கீழே உள்ள இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெறுகிறது. 2011இல் விற்பனைக்கு வந்த குரோம்புக் மடிக்கணினியில் உலாவி மட்டுமே இருப்பதுபோலத் தோன்றினாலும், அடியில் இயங்குவது லினக்ஸ் என்னும் இயங்குதளம்தான். அதை உருவாக்கிய கூகுள் நிறுவனமே 2016இல் ஆண்ட்ராய்டு செயலிகளையும் 2018இல் லினக்ஸ் மென்பொருள்களையும் அதில் இயங்க அனுமதித்தது. உலாவியால் மட்டும் எல்லாருடைய தேவையும் நிறைவேறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வகுப்புக் கணினிகள் விண்டோஸ் 10இல் ஓடுபவையானால், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்ன வேலைகளுக்கு, அதற்கு மாற்றாக, பழைய கணினிகளிலும் நிறுவக்கூடிய கூகுளின் இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போதுமானது. யூஎஸ்பி குச்சியிலிருந்தே அதை இயக்கிப் பார்க்கலாம். ஒலியும் வைஃபையும் சரியாக வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகு நிறுவுங்கள். நிறுவும்போது வட்டில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முதலில் வேண்டிய கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், கடை உரிமையாளர்): லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் இணையமும் போய்விட்டால், உலாவியில் எழுதும் என் விற்பனைக் கணக்கு என்ன ஆகும்?

பதில்: நம் தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். மின்வெட்டு நீடித்தால் கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்துவிடுவதை 2023இல் நாம் அனைவரும் அனுபவித்தோம். மின்சாரம் இருந்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலடிக் கம்பிவடங்கள் பழுதடைந்தபோது, தென்னாப்பிரிக்காவிலும் இணையச் சேவைகள் தடுமாறின.

இணையம் இல்லாமலும், உலாவிக்குள் இயங்கும் வலைச்செயலிகள் வேலை செய்ய வழி உண்டு. ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்னும் நுட்பம், பக்கத்துக்குத் தேவையான நிரலையும் தரவையும் உங்கள் கணினியிலேயே சேமித்து வைக்கும். ஆனால் அந்த வசதியை மென்பொருளை எழுதியவர் சேர்த்திருக்க வேண்டும்; பயனரும் பல நேரங்களில் முன்கூட்டியே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் இணையம் இருக்கும்போதே ‘ஆஃப்லைன்’ அமைப்பை இயக்கியிருந்தால்தான் இருட்டில் அது கைகொடுக்கும். மேலும், உலாவி சேமித்து வைப்பது நிலையானது என்று நம்பிவிடாதீர்கள். சஃபாரி உலாவியை ஏழு நாள்கள் பயன்படுத்தும் காலத்தில் ஒரு தளத்தைத் தொடாமலே இருந்தால், அந்தத் தளம் அங்கே எழுதிவைத்த தரவை அது நீக்கிவிடக்கூடும். ஆகவே அன்றாட விற்பனைக் கணக்கை வலையில் வைத்தாலும், வாரம் ஒருமுறையாவது அதைக் கோப்பாக இறக்கிச் சொந்த வட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கேள்வி (டொங்காட், கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்): எங்கள் பழைய உபயதாரர் பட்டியல் பாமினி எழுத்துருவில் உள்ளது. உலாவியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது.

பதில்: கோப்பு கெட்டுப்போகவில்லை, கவலை வேண்டாம். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால், கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது கணினியில் நிறுவப்பட்ட அந்த எழுத்துரு. மேசைக் கணினியில் எழுத்துருவை நாமே நிறுவிக்கொள்ளலாம். கூகுள் டாக்ஸிலோ அது தரும் எழுத்துருக்களைத் தவிர வேறொன்றைச் சேர்க்க முடியாது. ஆதலால் அந்தப் பட்டியலை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி முடிக்கும்வரை பழைய கணினியை விட்டுவிடாதீர்கள். மாற்றிய பிறகு ஊரையும் பெயரையும் மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறுவது வழக்கம். ஒருமுறை யூனிகோடுக்கு வந்துவிட்டால் எந்த இயங்குதளத்திலும் எந்த உலாவியிலும் அந்தப் பட்டியல் ஒன்றுபோலவே திறக்கும். முன்னோர் பெயர்கள் அடங்கிய ஆவணம் ஆயிற்றே, அந்த உழைப்பு வீண்போகாது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், மாணவர்): காணொளித் தொகுப்பு, பெரிய விளையாட்டுகள் எல்லாம் உலாவியில் முடியுமா?

பதில்: முன்பைவிட நிறையவே முடியும். 2017 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் வெப்அசெம்ப்ளி என்னும் நுட்பம் இயங்குவதால், சி++ போன்ற மொழிகளில் எழுதிய கனமான நிரல்களையும் உலாவியில் ஓட்டலாம். ஃபோட்டோஷாப் வலைக்கு வந்தது அவ்வாறுதான். ஆனாலும் பல ஜிகாபைட் அளவுள்ள காணொளியை வெட்டி ஒட்ட, நிறுவிய மென்பொருளையே பரிந்துரைப்பேன்.

கேள்வி (ஃபீனிக்ஸ், அதே கடை உரிமையாளர்): ரசீது அச்சிடும் கருவியை உலாவியோடு நேரடியாக இணைக்கலாமா?

பதில்: குரோம், எட்ஜ் உலாவிகளில், வலைத்தளம் யூஎஸ்பி கருவிகளை நேரடியாக அணுக உதவும் ‘வெப்யூஎஸ்பி’ வழியாக இணைக்க வாய்ப்புண்டு. ஆனால் தீங்கிழைக்கும் தளங்கள் கருவிகளைக் கைப்பற்றிவிடக்கூடும் என்ற அச்சத்தால் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதை ஏற்கவில்லை. அந்த அச்சம் நியாயமானதே. விண்டோஸில் அச்சுக் கருவிக்கான இயக்கி (டிரைவர்) மென்பொருளை நிறுவிவிட்டால், எந்த உலாவியிலிருந்தும் வழக்கமான அச்சுக் கட்டளையாலேயே ரசீதை எடுக்கலாம். உங்கள் கடைக்கு அந்த வழியையே தேர்ந்தெடுங்கள்.