லேப்ரடார் குட்டிக்குப் பின்பக்கம் தூக்கியிருக்கிறது, கால்சியம் போதவில்லையா?

கேள்வி: ஐயா, மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். தோட்டக் காவலுக்கு ஒரு லேப்ரடார் ஆண் குட்டி வாங்கினேன். ஐந்து மாதம், 24 கிலோ. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் உயரமாக இருக்கிறது. முன்னங்கால் பாதங்களும் லேசாக வெளியே திரும்பியிருக்கின்றன. விற்றவர், ‘டபுள் போன் குட்டி, கால்சியம் பற்றவில்லை’ என்கிறார். பாக்கெட் தீனி, பால்சோறு, முட்டையோடு மாட்டுக் கால்சியம் டானிக்கும் தினம் 20 மில்லி கொடுக்கிறேன். உடல்கட்டு சரியாக வருமா?
– ராசிபுரம் வாசகர்

பதில்: முதலில் அந்த டானிக்கை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பின்பக்கம் தூக்கியிருப்பது இந்த வயதில் சகஜம். குட்டி ஒரே சீராக வளராது. ஒரு மாதம் இடுப்பு ஏறும், பிறகு தோள் வந்து சேரும். பாதம் லேசாகத் திரும்பியிருப்பதும் நெஞ்சு விரிய விரியப் பெரும்பாலும் சரியாகும். ஆனால் முன்னங்கால் எலும்பே வில்லாக வளைந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, நொண்டினாலோ காத்திருக்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், எக்ஸ்ரே எடுங்கள். மற்றபடி, கன்றுக்குச் சுழி பார்ப்பதுபோல ஐந்து மாதக் குட்டிக்குக் கட்டு பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்றரை வயது ஆகட்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது எடையைப் பற்றி. இந்த வயதில் 20 கிலோவே நிறைவு. உங்கள் குட்டி குண்டாக இருக்கிறது, அதைத்தான் விற்றவர் ‘டபுள் போன்’ என்கிறார். அப்படி ஒரு ரகமே கிடையாது. விலையை ஏற்றக் கண்டுபிடித்த சொல். நாய் இனத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் காட்டியிருப்பார். அது பரம்பரையைச் சொல்லும், இந்த இனத்தில் வழிவழியாக வரும் இடுப்பு மூட்டுக் கோளாறைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தாய், தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

கறவை மாடு பாலில் கால்சியத்தை இழக்கிறது, அதனால் டானிக் ஊற்றுகிறோம். குட்டி எதை இழக்கிறது? ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியின் குடலுக்கு, மிஞ்சிய கால்சியத்தை வேண்டாமென்று தள்ளத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய், குருத்தெலும்பு முறையாக எலும்பாவதைக் கெடுக்கும். காலை நிமிர்த்தக் கொடுக்கும் டானிக்கே காலை வளைக்கும். வெறும் சோறும் இறைச்சியும் தின்னும் குட்டிக்குக் கால்சியம் குறையும், உண்மைதான். அதற்கும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். உங்கள் குட்டி தின்னும் பாக்கெட் தீனியிலேயே தேவையானது இருக்கிறது.

அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. குறைத்துத் தின்றவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. நான் பார்த்தவரை, நம் ஊரில் லேப்ரடாரைக் கெடுப்பது பட்டினி அல்ல, பாசம்.

பால்சோற்றை நிறுத்துங்கள். உள்ளங்கையைக் கீழே திருப்பி விரல்களை நீட்டி, புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அப்படித்தான் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைபோல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. டைல்ஸ் தரையில் ஓடவிடாதீர்கள், மண்ணில் விடுங்கள்.

காவலுக்கு லேப்ரடாரா என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறது. திருடனுக்கும் வாலாட்டும் சாதி அது. சரி, வாங்கியாயிற்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தீவனக் கடைத் தராசில் நிறுத்தி, எடையை எழுதி வாருங்கள்.